மதுரையிலிருந்து குரங்கணிக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

மதுரையில் யாராவது "மழைக்காடு பார்க்கணும்" என்று கேட்டால் எல்லோரும் மூணாறு, தேக்கடி பக்கம்தான் கைகாட்டுவார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் லீவு நாளில் போனால் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். மூணாறு இருக்கும் அதே மலையின் நம் பக்கச் சரிவில், கொட்டகுடி ஆற்றங்கரையில், குரங்கணி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். காலையில் மதுரையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே படகு, பூங்கா என்று சுற்றுலாத்தலங்களில் இருப்பது எதுவும் கிடையாது. அதனால் எப்போது போவது, எங்கே இறங்குவது, எங்கே இறங்கக் கூடாது என்பதையெல்லாம் போகிறவர்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மேப்பில் தேடும்போது ஒரு கவனம். தூத்துக்குடி மாவட்டத்தில், முத்துமாலை அம்மன் கோவில் இருக்கும் ஊருக்கும் குரங்கணி என்றுதான் பெயர். நீங்கள் போக வேண்டியது தேனி மாவட்டத்துக் குரங்கணி.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்முன்னே அடர்ந்த மழைக்காடு நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு மழைமறைவுப் பகுதி. அடிவாரத்தில் மாந்தோப்பும் இலவ மரங்களும் இருக்கும். அதற்கு மேலே வறண்ட காடும் புல்சரிவும். இன்னும் உயரே, மலையின் மடிப்புகளுக்குள்தான் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் சோலைக்காடுகள் இருக்கின்றன. கீழே நிற்கும்போது அவை கரும்பச்சைத் திட்டுகளாக மட்டும் தெரியும். மழை நின்று பல நாள் ஆன பிறகும் ஆற்றில் தெளிந்த தண்ணீர் ஓடுகிறது என்றால் அதற்கு அந்தத் திட்டுகள்தான் காரணம். பெய்த மழை இலைமட்கிலும் வேரடி மண்ணிலும் ஊறி, மெதுவாகக் கசிந்து இறங்குகிறது. இந்த ஆற்றுத் தண்ணீர்தான் போடி நகராட்சிக்குக் குடிநீர். அப்புறம் தேனி வழியாகப் போய் வைகையில் சேர்கிறது. நீங்கள் பார்க்கப் போவது நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் ஒரு தொடக்கத்தை.

எப்போது போவது

இதைச் சரியாக முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரைதான் முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், சரிவெல்லாம் பச்சையாக இருக்கும், வெயிலும் சுடாது. பொங்கல் லீவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வார நாளாகப் பார்த்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

அக்டோபர், நவம்பரில் ஆறு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் அது எந்த நேரமும் காட்டாறாக மாறலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் தேனி மாவட்டச் செய்திகளைப் பாருங்கள். போடிக்குப் பக்கத்தில் இதே ஆற்றில் அணைப்பிள்ளையார் தடுப்பணை இருக்கிறது. அங்கே வெள்ளம், குளிக்கத் தடை என்று செய்தி வந்திருந்தால் குரங்கணியிலும் ஆற்றில் இறங்க முடியாது என்று அர்த்தம். பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றுக்காலம். மேகமெல்லாம் மலையுச்சியைத் தாண்டாமல் கேரளப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். நமக்குக் கிடைப்பது காற்றும் கொஞ்சம் சாரலும். தலையில் துண்டு நிற்காது. அந்தக் காற்றுக்காகவே போகிறவர்களும் இருக்கிறார்கள். மே மாதம் மாம்பழத்துக்காகப் போகலாம், ஆனால் மதியத்துக்கு மேல் கோடை மழை திடீரென்று இடியோடு வரும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை ஊருக்குப் போய் வருவதில் தடையில்லை. மலையேறும் எண்ணம் மட்டும் வேண்டாம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னை, திருப்பூர், ஈரோடு பக்கங்களிலிருந்து மலையேற வந்தவர்கள் கொழுக்குமலைப் பாதையில் தீக்குள் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவுகளில் ஆளுயரத்துக்கு வளரும் புல் மாசி, பங்குனியில் சருகாகக் காய்ந்துவிடும். மேடான சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். அதன் வேகத்துக்கு மனிதரால் மேலே ஏறி ஓடவே முடியாது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுகிறது. "ஒரு ஆள் சொன்னாரு, குறுக்கு வழியில கூட்டிட்டுப் போறாராம்" என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். ஊரில் இருக்கும்போது மலையில் புகை தெரிந்தால் கடைக்காரரிடமாவது வனக்காவலரிடமாவது உடனே சொல்லுங்கள்.

போய்ச் சேர்வது

பஸ்ஸில் போவதென்றால் ஆரப்பாளையத்தில் ஏறுங்கள். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று போகும். போடிக்கே நேராகப் போகும் பஸ் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் தேனியில் மாறிக்கொள்ளலாம். தேனியிலிருந்து போடி அரைமணி நேரம். போடி வரை இரண்டரை மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் ரயில்தான் நல்லது. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றுபோனது. அகலப்பாதை வேலை இழுத்துக்கொண்டே போய், 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தது. 90 கிலோமீட்டர் தூரம். காலையில் மதுரையிலிருந்து போய் மாலையில் போடியிலிருந்து திரும்பும் வண்டி ஒருநாள் பயணத்துக்குத் தோதானது. ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருங்கள். நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் முந்தின நாள் ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது.

போடியிலிருந்து குரங்கணிக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீ குடிக்கப் போவதற்கு முன்னால் நேரக் காப்பாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: குரங்கணிக்கு அடுத்த பஸ் எப்போது, அங்கிருந்து திரும்பும் கடைசி பஸ் எப்போது. இரண்டாவதுதான் முக்கியம். பஸ்ஸை விட்டுவிட்டால் ஆட்டோ அல்லது ஜீப்தான். வாடகையைப் பேசும்போது காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டியில் போகிறவர்கள் போடியிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். முந்தல் என்ற இடத்தில் ரோடு பிரியும். ஒன்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி போடிமெட்டுக்குப் போகிறது, இன்னொன்று ஆற்றை ஒட்டியே குரங்கணிக்குப் போகிறது. முந்தலைத் தாண்டினால் ரோடு குறுகல். எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டி நில்லுங்கள். முந்திக்கொண்டு நுழைந்தால் ரிவர்ஸ் எடுக்கப் போவது நீங்கள்தான்.

ஆற்றில் இறங்குவது

ஊரில் இறங்கியவுடன் ஆற்றுக்கு ஓட வேண்டாம். முதலில் ஒரு டீக்கடையில் உட்காருங்கள். "அண்ணே, ஆத்துல எங்கிட்டுக் குளிக்கலாம்? மேல மழை ஏதும் பேஞ்சுச்சா?" என்று கேளுங்கள். சாதாரணக் கேள்விதான், ஆனால் அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கப் போகும் மிக உபயோகமான தகவல் அதற்கான பதிலில்தான் இருக்கும். எந்தத் துறையில் பெண்கள் குளிக்கிறார்கள், எங்கே குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள், எந்தப் பாறைக்குக் கீழே கசம் இருக்கிறது என்பதெல்லாம் எந்த மேப்பிலும் இருக்காது. கசம் என்றால் ஆற்றுக்குள் ஆழமாகக் குழிந்த இடம். மேலே தண்ணீர் அசையாமல் பளிங்கு மாதிரி இருக்கும். வைகையில் மணலில் நடந்தே பழகிய மதுரைக்காரர்கள் அதை முழங்கால் அளவு என்று நினைத்துவிடுவார்கள். ஊர்க்காரர் கைகாட்டிய இடத்தில் மட்டும் இறங்குங்கள். தண்ணீர் இடுப்பளவைத் தாண்டவே வேண்டாம். பாறையிலிருந்து குதிப்பது கூடவே கூடாது.

மலையாற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே பத்து கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டும். அந்தத் தண்ணீர் அரைமணியிலோ ஒரு மணியிலோ உங்கள் காலடிக்கு வந்துவிடும். வருவதற்கு முன்னால் ஆறு தகவல் சொல்லும். தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்கி செம்மண் நிறம் காட்டும். சருகும் சுள்ளியும் திடீரென்று நிறைய மிதந்து வரும். இரைச்சல் கூடும். சற்று முன்பு வெளியே தெரிந்த கல் தண்ணீருக்குள் போயிருக்கும். இதில் ஒன்றைக் கண்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுங்கள். செருப்பு, பை, சட்டை எல்லாம் அப்புறம். ஆற்றின் நடுவில் இருக்கும் பெரிய பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவது படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்தான். சாப்பாட்டைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே மலைமேல் கருமேகம் கட்டியிருந்தால் அன்றைக்குக் கால்களை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாசி பிடித்த பாறையில் ரப்பர் செருப்பு நிற்காது. பின்வார் வைத்த, அடியில் பிடிப்பு உள்ள சாண்டல் போதும். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் ஆற்றில் வேண்டாம். கீழே ஒரு ஊரே குடிக்கிறது என்று மேலேயே சொன்னேன்.

பாட்டில் விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆற்றங்கரையில் குடித்துவிட்டு பாட்டிலைப் பாறையில் உடைத்துவிட்டுப் போகிறவர்களால் ஊர்ப் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் காலை அறுத்துக்கொள்கின்றன. அந்த எண்ணத்தோடு கிளம்புகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

மலைப்பாதையும் மேலே இருக்கும் ஊர்களும்

ஊரையும் ஆற்றையும் பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. காட்டுப் பாதையில் கால் வைக்கக் கட்டாயம் அனுமதி வேண்டும். 2018 தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்துவிட்டன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. அதில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் ஒன்று. அந்த இணையதளத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். பாதை திறந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். முதல்முறை போகிறவர்கள் ஊரோடும் ஆற்றோடும் நிறுத்திக்கொண்டு, மலையேற்றத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

மேலே இருக்கும் ஊர்ப் பெயர்களைக் கேட்டால் ரயில் நிலையங்கள் என்று தோன்றும்: டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன். பின்னால் ஒரு கதை இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு மூணாறு தேயிலை கீழே இறங்கியதே இந்த வழியாகத்தான். 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஓட்டினார்கள். 1908இல் அதைச் சிறிய ரயில்பாதையாக மாற்றினார்கள். சுமார் 1,880 மீட்டர் உயரத்தில் இருக்கும் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அந்த இடத்துக்கு 'பாட்டம் ஸ்டேஷன்', அதாவது கீழ் ஸ்டேஷன், என்று பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி யாரும் போடவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் கம்பிவடத்தை இழுத்த 'விஞ்ச்' பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நீளும்.

ரோடு எட்டாத மேல் ஊர்களுக்கு அரிசியும் மளிகையும் இன்றும் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் போகின்றன; காப்பியும் மிளகும் அதே வழியில் இறங்குகின்றன. பாதையில் கழுதைகள் வந்தால் மலைச்சுவரை ஒட்டி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால், மூட்டை இடித்து நீங்கள் உருண்டுவிட வாய்ப்பு உண்டு. அவற்றின் பின்பக்கம் போய் நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

இந்த மலையில் முதுவர் குடியிருப்புகள் இருக்கின்றன. தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அதனால் "மதுரையிலிருந்து வர்றோம்" என்று சொன்னால் ஒரு பேச்சு தொடங்கலாம். அதற்காக வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பது, கேட்காமல் பெண்களையும் பிள்ளைகளையும் படம் எடுப்பது எல்லாம் கூடாது. கேட்டு, வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

சாப்பாடு, பை, உடம்பு

குரங்கணியில் பெரிய ஓட்டல் கிடையாது. சின்னக் கடைகளில் டீயும் பலகாரமும் கிடைக்கும். மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் இறங்கியவுடனே "அக்கா, நாலு பேருக்குச் சோறு ஆகுமா?" என்று சொல்லிவைக்க வேண்டும். ஆகாது என்றால் ஆகாதுதான். பத்து பேராகப் போகிறவர்கள் புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போய்விடுங்கள். கொண்டுபோன எதையும் அங்கே விட்டுவராதீர்கள். குப்பையை அள்ளிப்போக அங்கே தினமும் லாரி வராது. குரங்குக்குத் தீனி போடாதீர்கள். போட்டால் அடுத்து வருகிறவரின் பையைத்தான் அது பிடுங்கும்.

பையில் இவ்வளவு இருந்தால் போதும்: இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்றுத்துணி, துண்டு, டார்ச், சில்லறையாகக் கொஞ்சம் பணம், தீப்பெட்டி அளவு உப்புப் பொட்டலம். போனில் காசு அனுப்பலாம் என்று நம்பிப் போக வேண்டாம். சிக்னல் மலை மடிப்புக்கு மடிப்பு மாறும். போடியில் இருக்கும்போதே வீட்டுக்குப் பேசி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கழிப்பறைத் தேவையையும் போடியிலேயே முடித்துக்கொள்வது நல்லது, பெண்களோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் முக்கியமாக.

உப்பு எதற்கென்றால், மழைக்காலத்தில் சோலைப் பக்கம் ஏறினால் அட்டை கடிக்கும். மலைக்காரர்கள் உப்பையோ புகையிலைத் தண்ணீரையோ செருப்பிலும் காலுறையிலும் தடவிக்கொள்வார்கள். கடித்தது தெரிந்தால் பதறிப் பிய்க்காமல், நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுத்துவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். பாம்பு கடித்தால் விஷயம் வேறு. கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றி போடி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 108க்கு அழைக்க சிக்னல் கிடைக்காவிட்டால், நிற்கும் முதல் ஜீப்பில் ஏறிவிடுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது, மதுரைக்குத் திரும்பும் ரோட்டில்தான்.

திரும்பும்போது

மதியம் மூன்று மணிக்கெல்லாம் ஆற்றை விட்டு எழுந்துவிடுங்கள். மலை மேற்கே இருப்பதால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். மதுரையின் ஆறு மணி வெளிச்சம் அங்கே ஐந்து மணிக்கே வந்துவிடும். இருட்டியபின் அந்த ரோட்டில் காட்டுமாடு குறுக்கே வரலாம். பைக்கில் வந்தவர்களுக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

போடியில் ரயிலுக்கு நேரம் இருந்தால் கடைத்தெருவில் ஏலக்காய் வாங்கலாம். ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர் என்பதால் சரக்கு புதிதாக இருக்கும். கடையில் காயின் அளவை மில்லிமீட்டரில் சொல்வார்கள். எட்டு எம்.எம். என்றால் பருத்த காய், விலையும் அதற்கேற்றபடி. பாயசத்துக்கும் டீக்கும் அவ்வளவு பெரிது தேவையில்லை, நடுத்தரக் காயே போதும். ஒன்றை உடைத்துப் பாருங்கள்; உள்ளே விதை கறுப்பாக, லேசான பிசுபிசுப்போடு இருந்தால் நல்ல காய். இலவம்பஞ்சுத் தலையணையும் இங்கே நன்றாக இருக்கும், ஆனால் அதை ரயிலில் வைக்க இடம் பிடிப்பது உங்கள் பாடு. தங்கிப் போக நினைக்கிறவர்களும் போடியிலேயே லாட்ஜ் போட்டுக்கொள்ளலாம். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் வெயிலுக்கு முன்னால் ஆற்றில் இருப்பீர்கள்.